தூசி இல்லாத பாலை

1

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து வெளித்திண்ணையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் கட்டுரைக்காக ஒரு வீடியோ பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வெற்றிலையை மடித்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனம். நடுவில் ஒரு கோபுரம், அதைச் சுற்றி வட்ட வட்டமாகப் பத்தாயிரம் கண்ணாடிகள். எல்லாமே கோபுரத்தின் தலையைப் பார்த்து நிற்கின்றன. சூரியன் நகர நகர அவையும் இம்மி இம்மியாகத் திரும்புகின்றன. சத்தம் இல்லை. ஆள் இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முப்பத்தைந்து வருடம் திருப்பூர் சாயப்பட்டறைகளில் பாய்லர் ஓட்டியவர். எது எப்படிச் சூடாகிறது என்று கேட்காமல் அவரால் எதையும் பார்க்க முடியாது.

"இது என்ன கண்ணு, பாய்லரா?"

"ஆமாங்ப்பா. வெயில்லயே ஓடற பாய்லர். அந்த உச்சியில உப்பக் காச்சறாங்க. உருகின உப்புல சூட்டச் சேத்து வெச்சுக்கிட்டு ராத்திரியும் நீராவி எடுப்பாங்க."

"உப்பா?" என்றார். நொய்யல் கரையில் பிழைத்த யாருக்கும் அந்தச் சொல் சாதாரணமாகக் காதில் விழாது. பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தன கண்ணாடிய ஆரு கண்ணு தொடைக்கறாங்க?"

இந்தக் கட்டுரைக்காக நான் எழுதி வைத்திருந்த குறிப்புகள் நான்கு பக்கம். டிஜிட்டல் கலை, காலம், தொழில்நுட்ப அழகியல் என்று என்னென்னவோ இருந்தது. அந்தக் கேள்வி அதில் இல்லை.

2

முதலில் படைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜான் ஜெரார்ட் 1974-ல் டப்ளினில் பிறந்த ஐரிஷ் கலைஞர். கேமரா கொண்டு படம் எடுப்பவர் அல்ல. வீடியோ கேம் உருவாக்கப் பயன்படும் எஞ்சினைக் கொண்டு உலகங்களைக் கட்டுபவர். ‘சோலார் ரிசர்வ் (டோனோபா, நெவாடா) 2014’ அப்படியான ஒன்று. 2014 அக்டோபரில் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் முற்றத்தில் பிரம்மாண்டமான எல்இடி சுவர் ஒன்றில் இது காட்டப்பட்டது. பார்ப்பதற்கு வீடியோ மாதிரி இருந்தாலும் வீடியோ கிடையாது. நிரல் ஒன்று அந்த நேரத்தில் ஓடிக்கொண்டே காட்சியை உருவாக்குகிறது. நெவாடாவில் அந்த நாளில், அந்த மணியில், சூரியனும் நிலாவும் நட்சத்திரங்களும் எங்கே இருக்குமோ அங்கே அவை இருக்கும். பத்தாயிரம் கண்ணாடிகளும் அதற்கேற்பத் திரும்பும். கேமரா அறுபது நிமிடத்தில் தரைமட்டத்திலிருந்து செயற்கைக்கோள் பார்வை வரை மெல்ல நகரும். ஒரு முழு வருடத்துக்குப் பார்த்த காட்சி மறுபடி வராது.

நான் இதை நேரில் பார்த்தவனில்லை. இணையத்தில் கிடைக்கும் பதிவுகளைத்தான் பார்த்தேன். அதிலேயே நான் சொக்கிப்போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சூரியன் எங்கே இருக்கும் என்பது அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றும் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடக்கூடிய விஷயம். கண்ணாடி எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதும் அப்படித்தான்: சூரியனுக்கும் கோபுரத்துக்கும் நடுவே உள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் போதும். பள்ளிக்கூடத்தில் படித்த எதிரொளிப்பு விதி. அதைப் பத்தாயிரம் முறை செய்தால் ஒரு பூ விரிகிற மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. ஜெரார்ட் சொல்கிறார். மேலிருந்து பார்க்கையில் அந்த வட்டம் ஒரு கண் மாதிரியும், சூரியகாந்தி மாதிரியும், தேர்ச்சக்கரம் மாதிரியும் தெரிகிறது. எதுவும் நடக்காத ஒன்றை இருபது நிமிடம் பார்க்க வைப்பது சாதாரண வேலை கிடையாது.

ஆனால் இந்தப் படைப்புக்கு ஓர் அசல் உண்டு. அதற்குப் பெயர் கிரெசண்ட் டியூன்ஸ். டோனோபா ஊருக்கு அருகே, 110 மெகாவாட் திறன், 195 மீட்டர் உயரக் கோபுரம், 10,347 கண்ணாடிகள். சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த உப்பை 565 டிகிரி வரை சூடாக்கி, பெரிய தொட்டிகளில் சேமித்து, பத்து மணி நேரம்வரை இருட்டிலும் மின்சாரம் தருவதாகத் திட்டம். அமெரிக்க அரசு 737 மில்லியன் டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. லிங்கன் சென்டரில் நகல் ஓடிக்கொண்டிருந்தபோது, அசல் இன்னும் மின்சாரம் விற்க ஆரம்பிக்கவில்லை. 2015 கடைசியில்தான் ஆரம்பித்தது. 2016 அக்டோபரில் சூடான உப்புத் தொட்டி கசிந்தது. எட்டு மாதம் போல ஆலை நின்றது. 2019 ஏப்ரலில் மறுபடி நின்றது. அந்த வருடமே மின்சாரம் வாங்கிய நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2020-ல் ஆலைக்குச் சொந்தக்கார நிறுவனம் திவால் மனு போட்டது. பிறகு வேறு கைகளுக்குப் போய் மீண்டும் ஓட்டப்பட்டது.

நகலின் தொட்டி கசியவில்லை. அதில் தொட்டியே காட்சிப் பொருள்தான். ஐடியில் இருப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. டெமோ எப்போதுமே ஓடும்.

3

சூரியக் கோபுரம் என்றால் நமக்கு அமெரிக்கா, ஸ்பெயின், மொராக்கோ ஞாபகம் வருகிறது. ஆனால் பல தட்டைக் கண்ணாடிகளை ஒரே கொதிகலன் மேல் திருப்பி நீராவி எடுக்கும் யோசனையை முதலில் செய்து பார்த்தவர்களில் ஒருவர் பம்பாயில் இருந்தார். வில்லியம் ஆடம்ஸ் என்கிற ஆங்கிலேய அரசு ஊழியர். 1878-ல் பம்பாயிலேயே ஒரு புத்தகம் அச்சிட்டார். தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ‘வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகச் சூரிய வெப்பம்.’

ஆடம்ஸுக்குப் பாலைவனம் தேவைப்படவில்லை. அவருடைய கவலை பக்கத்துத் தெருக் கவலை. பம்பாயில் பருத்தி ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. நிலக்கரி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. விறகு விலை ஏறிக்கொண்டிருந்தது. பஞ்சாலைக்காரனின் எரிபொருள் செலவுதான் அந்தப் புத்தகத்தின் அடியில் ஓடுகிற பிரச்சினை. திருப்பூர்க்காரனுக்கு இது புரியாமல் போகுமா? முதலில் அவர் ஒரு சூரிய அடுப்பு செய்தார். ஏழு சிப்பாய்களுக்கான சாப்பாட்டை இரண்டு மணி நேரத்தில் சமைத்தது. பிறகு சிறு சிறு தட்டைக் கண்ணாடிகளை ஒரு பெரிய சட்டத்தில் பொருத்தி, வெளிச்சத்தைக் கொதிகலன் மேல் விழவைத்து, இரண்டரைக் குதிரைத்திறன் நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டினார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தச் சட்டம் தானாகத் திரும்பாது. அரைவட்டத் தண்டவாளத்தில் அதை ஓர் ஆள் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வெயில் நகர நகர அவன் நகர்த்த வேண்டும். அந்த ஆளின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் ஆடம்ஸின் இயந்திரத்தில் அவனுக்கு இடம் இருக்கிறது. அவன் இல்லையென்றால் அரைமணியில் நீராவி இறங்கிவிடும்.

1878-லிருந்து 2014-க்கு வருவதற்குள் அந்த ஆள் காணாமல் போய்விட்டான். மோட்டாரும் நிரலும் அவன் வேலையை எடுத்துக்கொண்டன, நல்லதுதான். வெயிலில் நின்று கண்ணாடி தள்ளுவது ஒன்றும் ரசிக்கத்தக்க வாழ்க்கை இல்லை. ஆனால் பாலைவனத்தில் நிற்கும் கண்ணாடி மேல் தினமும் தூசி படியும். தூசி படிந்த கண்ணாடி வெளிச்சத்தைச் சிதறடிக்கும், கோபுரத்துக்கு அனுப்பாது. ஆகவே கழுவ வேண்டும். கழுவ லாரி வேண்டும், தண்ணீர் வேண்டும், ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வேண்டும். அசலில் இதெல்லாம் நடந்தாக வேண்டும். நான் பார்த்த பதிவுகளில் ஒரு கழுவும் வண்டியோ, ஒரு டயர் தடமோ கண்ணில் படவில்லை.

4

‘அது கலைப்படைப்பு, மெயின்டனன்ஸ் ரிப்போர்ட் கிடையாது’ என்று நீங்கள் சொல்லலாம். சொல்ல வேண்டும். ஆளில்லாமை ஜெரார்டின் தேர்வு. மனிதர் விட்டுவிட்டுப் போன பிறகும் சூரியனைத் தேடித் திரும்பிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் தனிமைதான் அதன் விஷயம் என்று ஒருவர் வாதிட்டால் நான் உடனே மறுக்க மாட்டேன். நகரம் செலவழிக்கிற மின்சாரம் எங்கோ ஒரு பாலையில் பிறக்கிறது என்பதை, அந்த மின்சாரத்தில் எரிகிற சுவரிலேயே நியூயார்க் நடுவில் காட்டியது கூர்மையான யோசனை.

ஆனால் இதே ஜெரார்ட் 2017-ல் ‘வெஸ்டர்ன் ஃபிளாக்’ செய்தார். டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப், 1901-ல் எண்ணெய் பீறிட்ட இடம், இன்று வெறும் தரை. அங்கே ஒரு கொடிக்கம்பம். துணிக்குப் பதில் கரும்புகை கொடியாகப் பறக்கிறது. அதுவும் ஆளில்லாக் காட்சிதான். ஆனால் அதில் அழுக்கு இருக்கிறது. எண்ணெய்க்கு அவர் புகையைக் கொடுத்தார், சூரியனுக்குத் தூசியைக் கொடுக்கவில்லை. பழைய தொழில்நுட்பம் கறை படிந்தது, புதியது பளிங்கு. இந்தப் பாகுபாடு அவருடையது மட்டும் இல்லை, நம் எல்லோருடையதும். கமுதியைப் பற்றி வந்த படங்களை யோசித்துப் பாருங்கள். 2016-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட். எல்லாம் ட்ரோன் படங்கள். நீலக் கடல் மாதிரி தகடுகள். அங்கே காலை எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள், மதியம் எங்கே நிழலில் உட்கார்கிறார்கள் என்று சொல்லும் படம் எதுவும் என் நினைவில் இல்லை.

மேலிருந்து பார்ப்பது வெறும் அழகியல் பிரச்சினை இல்லை. அதற்கு விலை உண்டு, ரூபாயில். 2010 ஜனவரியில் இந்திய அரசு தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தைத் தொடங்கியது. அந்த வருடமே ஏலம் நடந்து ஏழு சூரிய வெப்ப ஆலைகளுக்கு மொத்தம் 470 மெகாவாட் ஒதுக்கப்பட்டது. யூனிட்டுக்குப் பத்தரை ரூபாயிலிருந்து பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் வரை விலை. பெரும்பாலும் ராஜஸ்தான் பாலைவனம். கண்ணாடி ஆலைக்கு நேர்க்கதிர் வேண்டும். நிழல் கூர்மையாக விழுகிற வெயில். மேகமோ தூசியோ சிதறடித்த வெளிச்சம் மின்தகட்டுக்கு ஓரளவு போதும், கண்ணாடிக்குப் போதாது. அந்த நேர்க்கதிர் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்குக்குப் பெரும்பாலும் நம்பியிருந்தது செயற்கைக்கோள் தரவை. தரையில் நின்று அளந்த தரவு போதுமான வருடங்களுக்கு இல்லை.

தரையில் போய் அளந்தபோது பல இடங்களில் எண்ணிக்கை குறைந்தது. காரணங்களில் ஒன்று, காற்றில் தொங்கும் தூசி. அதன்பிறகுதான் சென்னையிலிருக்கும் காற்றாற்றல் நிறுவனத்தின் பொறுப்பில் நாடு முழுக்கக் கதிர்வீச்சு அளக்கும் நிலையங்கள் நட ஆரம்பித்தார்கள். ஏழு திட்டங்களில் மூன்றுதான் கட்டி முடிந்தன: 2013-ல் ஜெய்சல்மேர் மாவட்டத்து நோக்கில் கோதாவரி நிறுவனத்தின் 50 மெகாவாட்; 2014-ல் ஆந்திராவின் அனந்தபூரில் மேகா நிறுவனத்தின் 50; அதே வருடம் பொக்ரான் வட்டாரத்தில் துர்சர் கிராமத்தருகே ரிலையன்ஸ் பவரின் 125. துர்சர் ஆலையில் கோபுரம் இல்லை. நீள நீளமான தட்டைக் கண்ணாடிப் பட்டைகள் வரிசையாகப் படுத்திருக்கும். மேலே ஓடும் குழாயில் தண்ணீர் நேராக நீராவியாகும். இந்த வகையில் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று அது. அதற்குள் மின்தகடுகளின் விலை சரிந்துவிட்டது. 2017 மே மாதம், அதே ராஜஸ்தானின் பத்லாவில் மின்தகடு மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. கண்ணாடி ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது.

தூசி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். சீனத் தகடு, வட்டி, இறக்குமதி உபகரணம் எல்லாம் சேர்ந்த கதை. ஆனால் மேலிருந்து பார்த்துவிட்டு, கீழே வந்து அதிர்ந்துபோன அந்தக் கட்டம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

5

பாலைவனம் காலி இடம் என்பது இந்த ஆலைகளுக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை. ஜெய்சல்மேர்க்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே ஊர் தெய்வத்துக்கு விட்ட ஓரண் என்னும் மேய்ச்சல் காடுகள் இருக்கின்றன, ஒட்டகமும் ஆடும் அங்கே மேய்கின்றன, கோடரி படாது. வருவாய்க் கணக்கில் பலது தரிசு. கானமயில் என்ற பெரிய பறவை மின்கம்பிகளில் மோதிச் சாகிறது என்று வழக்குப் போட்டு, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது. 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. காலி இடமாக இருந்திருந்தால் வழக்கு எதற்கு?

தமிழில் நமக்கு இதைப் பற்றி ஒரு பழைய தெளிவு உண்டு. தொல்காப்பியம் மற்ற நான்கு திணைகளுக்கும் நிலம் சொல்கிறது, பாலைக்குச் சொல்வதில்லை. பொழுது மட்டும் சொல்கிறது: வேனிலும் நண்பகலும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வாடும்போது பாலை ஆகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதாவது நமக்குப் பாலை என்பது வரைபடத்தில் காட்டுகிற இடமாக இல்லை; எந்த நிலத்துக்கும் நேரக்கூடிய ஒரு நிலை. பொருள் தேடிப் பிரிந்து போகிறவன் கடக்க வேண்டிய நிலை.

அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரும் பாலைதான். நொய்யலைப் பாலையாக்கியது வெயில் இல்லை, உப்பு. பருத்தித் துணி ரியாக்டிவ் சாயத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் சாயத்தொட்டியில் உப்பு கொட்ட வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு அப்படியே சாக்கடைக்குப் போகும். 1990-களில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டியது. கடைசியில் கழிவுநீர்த் தொட்டியாகி, தண்ணீர் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும் அணையானது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ அந்தக் காலத்தைப் பேசுகிற நாவல். எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ பனியன் ஊரில் வளர்ந்த நண்பர்களின் கதை. நிறம் பற்றி, தண்ணீர் பற்றி, காசு பற்றி எங்களுக்கு எழுத்து உண்டு. பாய்லரை நடுவில் வைத்த ஒரு தமிழ் நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. அப்பாவின் மகனாக இது எனக்கு ஒரு குறைதான்.

சாயப்பட்டறை வாழ்வதே சூட்டில். துணியை வெளுக்க 95 டிகிரிக்கு மேல் தண்ணீர் வேண்டும்; சாயம் ஏற்ற பெரும்பாலும் 60; ஏற்றிய பிறகு சோப்புப் போட்டு அலச மறுபடி 90. பாதி வழியில் நீராவி இறங்கினால் ஷேடு மாறும், லாட் போச்சு. இத்தனைக்கும் விறகு. சின்ன வயதில் லாரி லாரியாக வேலிக்காத்தான் விறகு வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், ராமநாதபுரத்துப் பக்கமிருந்து. கமுதி தகடுகளுக்காகச் சுத்தம் செய்யப்பட்டதும் அந்தக் கருவேலங்காட்டுச் சீமைதான். அந்த ஊர் வெயில் முதலில் விறகாக எங்களிடம் வந்தது, பிறகு மின்சாரமாக.

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சரியான உத்தரவு. இருபது வருடம் தாமதமாக வந்த சரியான உத்தரவு. அப்போது நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அப்பா பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு ராத்திரிக் காவலுக்குப் போனார். ஹாஸ்டல் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் போனது. பட்டறைகள் மெல்லத் திறந்தபோது நிபந்தனை இதுதான்: ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது. கழிவை வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடு. காய்ச்ச நீராவி. நீராவிக்கு விறகு. ஆற்றைக் காப்பாற்றுவதற்கான விலையில் ஒரு பங்கைக் காடு கொடுத்தது.

6

இங்கேதான் என் டெமோ வருகிறது.

2019-ல் நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் சேர்ந்து, சாயப்பட்டறைக் கூரைகளில் சூரிய வெப்பத் தகடு போட்டுத் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கும் திட்டம் ஒன்று வைத்திருந்தோம். யோசனை அபத்தமில்லை. 60 டிகிரித் தண்ணீருக்காக நெருப்பு மூட்டுவது, சட்னி அரைக்க மில்லுக்குப் போவது மாதிரி. திருமலையில் 2002-லிருந்து சூரியத் தட்டுகள் மூலம் நீராவி எடுத்து ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைத்தார்கள். ஆரோவில் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசையாது, நடுவே தொங்கும் நீராவிக்குழாய்தான் சூரியனைத் தேடி நகரும். கல்லூரிச் சுற்றுலாவில் அதைப் பார்த்ததிலிருந்து அது என் மண்டையில் இருந்தது.

நான் ஒரு சிமுலேஷன் எழுதினேன். மணிக்கு மணி வெயில் தரவு, செயற்கைக்கோள் தரவுதான், ஒரு முழு வருடத்துக்கு. கூரை முழுக்கத் தகடுகள் நிறம் மாறி மாறி ஒளிரும் ஒரு முப்பரிமாணக் காட்சி. விறகில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று சொன்னது. அப்பா வேலை பார்த்த பட்டறையின் முதலாளியிடம் அதைக் காட்ட வேண்டும். அப்பா போய்க் கேட்டார். முப்பது வருடத்தில் அந்த மனிதரிடம் அவர் எனக்காகக் கேட்ட முதல் உதவி அது. "பையன் ஏதோ கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டறானுங்க, ஒருக்கா பாருங்க" என்றாராம்.

போட்டார்கள். முதல் ஐந்து மாதம் அளவீடுகள் என் சிமுலேஷனோடு கிட்டத்தட்ட ஒத்துப்போயின. அந்த வரைபடத்தை வைத்து நான் மூன்று இடங்களில் பேசினேன். கைதட்டினார்கள். ஆறாவது மாதத்திலிருந்து எண்கள் சரிய ஆரம்பித்தன. தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் என்று நினைத்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகத்துக்கு நிரலில் இடம் இருந்தது. சரிவு அதைவிட அதிகம். பைப்பில் கசிவா என்று பார்த்தோம். கடைசியில் நானே ஏணி வைத்து ஏறினேன். கண்ணாடி மேல் சாம்பலும் பஞ்சும் சேர்ந்து, கம்பளி மாதிரி ஒரு படலம். சாம்பல் எங்கள் பாய்லர் புகைபோக்கியிலிருந்தும் பக்கத்துப் பட்டறைகளிலிருந்தும் வந்தது, பஞ்சு ஊர் முழுக்கப் பறப்பது. விரலால் கோடு போட்டேன், எழுதலாம் போலிருந்தது.

நிரலைத் திறந்து பார்த்தேன். தூசிக்கு ஒரே ஒரு வரி. நூற்றுக்கு மூன்று பங்கு இழப்பு, வருடம் முழுக்க அதே எண். பக்கத்தில் நானே எழுதிவைத்த குறிப்பு: ‘பிறகு சரிசெய்ய வேண்டும்.’

அப்படியானால் முதல் ஐந்து மாதம் எப்படி ஒத்துப்போனது? வாட்ச்மேன் அண்ணன்தான் சொன்னார். "உங்கப்பாதானுங்க தம்பி ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம விடியால மேல ஏறுவாரு. பனியன் வேஸ்டும் ஒரு பக்கெட்டுத் தண்ணியும் எடுத்துட்டுப் போயி ஒவ்வொண்ணா தொடைப்பாரு. இப்ப முட்டிவலின்னு நின்னுட்டாருங்க." அப்பாவுக்கு அப்போது 59 வயது. சம்பளம் இல்லாத வேலை. எனக்குச் சொல்லவில்லை. நான் மேடை மேடையாகக் காட்டிய வரைபடத்தில், என் கணக்கின் துல்லியம் என்று நான் நினைத்தது அப்பாவின் கை.

முதலாளியிடம், துடைக்க ஓர் ஆள் போடலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரிங்க தம்பி, அந்த ஆளுச் சம்பளத்தையும் சேத்துக் கணக்குப் போட்டுக் குடுங்க" என்றார். போட்டேன். மிச்சம் பாதிக்கும் கீழே வந்தது. கொஞ்ச நாளில் வால்வை மூடிவிட்டார்கள். தகடுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

7

சூரிய ஆற்றலே வீண் என்று நான் சொல்ல வருகிறேன் என யாராவது புரிந்துகொண்டால் அது என் எழுத்தின் தோல்வி. விறகுக்கும் நிலக்கரிக்கும் மாற்று வேண்டும், நாளைக்கே வேண்டும். ஆள் சம்பளத்தைச் சேர்த்த பிறகும் அந்தத் தகடுகள் கொஞ்சம் மிச்சம் பிடித்தன. முதலில் நேர்மையாக அந்தக் கொஞ்சத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அதிகமாகச் சொன்னதால் முழுசாக நின்றது. ராஜஸ்தான் ஏலங்களிலும் இதன் சாயல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஜெரார்டின் படைப்பை நான் இப்போதும் மதிக்கிறேன். காலத்தை அவ்வளவு பொறுமையாகக் காட்டியவர்கள் குறைவு. என் புகார் இதுதான்: ஒரு வருடத்தின் ஒவ்வொரு நொடிக்கும் சூரியன் எங்கே நிற்கும் என்று கணக்கிட்டவர், அந்த ஒரு வருடத்தில் கண்ணாடி மேல் என்ன படியும் என்று கணக்கிடவில்லை. இரண்டும் காலம்தான். ஒன்று வானத்தில் சுற்றி வரும் காலம், தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். மற்றது சேர்ந்துகொண்டே போகும் காலம்; யாராவது வந்து துடைத்தால்தான் திரும்பும். இரண்டாவதை விட்டுவிட்டால் கிடைப்பது நிரந்தரமான காலை நேரம். விளம்பரப் படங்களில் வருகிற காலை. ‘வெஸ்டர்ன் ஃபிளாக்’ செய்த கலைஞரால் அதைத் தாண்டியிருக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

இது இன்ஜினியர்கள் எழுதும் நிரலுக்கும் பொருந்தும், நாம் எழுதும் கதைகளுக்கும் பொருந்தும். தமிழில் இப்போது அறிவியல் புனைவு நிறைய வருகிறது. சூரிய நகரங்கள், ஒளிக் கோபுரங்கள், தானியங்கி ஆலைகள். எழுதுங்கள். ஏணியில் ஏறுகிற ஒருவரையும் எழுதுங்கள், அவருக்கு முட்டிவலி எப்போது ஆரம்பித்தது என்பதையும்.

அன்றைக்குத் திண்ணையில் அப்பா கேட்டதற்கு நான் சொன்ன பதில்: "தண்ணி லாரி வருமுங்ப்பா, அதுலயே பிரஷ் இருக்கும்." திரையில் அதற்குள் நெவாடாவில் இருட்டிவிட்டது. நட்சத்திரங்கள் சரியான இடங்களில் இருந்தன. அப்பா எச்சில் துப்பிவிட்டு வந்து மறுபடி குனிந்து பார்த்தார்.

"லாரி ஓட்டறவன் ராத்திரிச் சோத்துக்கு எங்க போவான்? சுத்தி ஒரு ஊரயும் காணமே" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன்.